தோலைப் பார்த்தால் போதாது, பி.பி.யும் பாருங்கள்: ஆர்சனிக் நாட்டில் குடியிருந்த அனுபவம்

மேற்கு வங்கத்துக் கிராமங்களில் ஆர்சனிக் தண்ணீர், அதாவது ஆர்சனிக் என்ற விஷம் கரைந்த நிலத்தடி நீர், என்று பேச்சு வந்தால் முதலில் கையை விரித்துக் காட்டச் சொல்வார்கள். உள்ளங்கையில் சொரசொரவென்று சின்னச் சின்ன முண்டுகள் இருக்கிறதா, மார்பில் மழைத்துளி தெறித்த மாதிரி கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் ஆர்சனிக் நோய். தோல் சுத்தமாக இருந்தால் ஆள் தப்பித்தார், வீட்டுக்குப் போகலாம். இந்தக் கணக்கில் ரத்த அழுத்தத்துக்கு இடமே கிடையாது.

வங்கி வேலையில் மாற்றலாகி, நதியா மாவட்டத்தில் சக்தஹா பக்கம் சில வருடங்கள் குடும்பத்தோடு இருந்தேன். சியால்தாவிலிருந்து ராணாகாட் போகும் லோக்கல் ரயில் பாதையில் இருக்கிற ஊர். பச்சைப் பசேலென்று நெல்லும் சணலும், வீட்டுக்கு வீடு ஒரு குளம், முற்றத்தில் ஓர் அடிபம்பு. தண்ணீர்ப் பஞ்சத்தில் வளர்ந்த நமக்கு அந்த ஊர் சொர்க்கம். இருபது முப்பது அடியிலேயே தண்ணீர் தட்டுப்படும் ஊரில் போய்த் தண்ணீரைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரரை தாதா என்று கூப்பிடுவோம், வங்காளத்தில் அண்ணன் என்று அர்த்தம். அவருடைய அம்மா எங்களுக்கு மாசிமா. என் மனைவியை மாசிமா ‘பௌமா’ என்றுதான் அழைப்பார், அந்த வீட்டு மருமகள் மாதிரி. அவர் உள்ளங்கை மரப்பட்டை போல இருக்கும். வயலில் நாற்று நட்ட கை, சாணி தட்டிய கை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். அவரும் அப்படித்தான் சொன்னார். பிற்பாடு ஒரு சுகாதார முகாமில் மருத்துவர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டுப் பம்பு எத்தனை ஆழம் என்று கேட்டார். கையைப் பார்த்த மருத்துவர் பம்பைப் பற்றிக் கேட்டது எனக்கு விசித்திரமாக இருந்தது.

அதே முகாமில் என் மனைவிக்கு பி.பி. பார்த்தார்கள். 154/98. அவளுக்கு அப்போது நாற்பது கூட ஆகவில்லை. வெயிலில் நடந்து வந்ததால் இருக்கும் என்றார்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் பார்த்தோம், பெரிதாக இறங்கவில்லை. அவள் கையில் முண்டும் இல்லை, மார்பில் புள்ளியும் இல்லை. அதனால் தண்ணீருக்கும் இதற்கும் முடிச்சுப் போட அந்த ஊரில் யாருமே தயாராக இல்லை.

கொல்கத்தாவில் நாங்கள் பார்த்த மருத்துவர்தான் வேறு மாதிரி பேசினார். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னோம். “தண்ணீரைச் சோதித்தீர்களா?” என்றார். அப்புறம் அவர் சொன்னதை நான் இன்றைக்கும் மற்றவர்களிடம் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறேன்: “இந்த பி.பி. ஆர்சனிக்கால் வந்ததா என்று எந்தப் பரிசோதனையாலும் உங்களுக்குச் சொல்ல முடியாது. உங்கள் அப்பாவுக்கும் பி.பி. இருந்திருக்கிறது, ஊறுகாய் சாப்பிடுகிறீர்கள், நடை கிடையாது. காரணம் எதுவாகவும் இருக்கலாம், எல்லாமும் சேர்ந்தும் இருக்கலாம். மாத்திரையைத் தொடங்குவோம். தண்ணீரையும் மாற்றுங்கள். ஒன்றுக்காக மற்றதை விடாதீர்கள்.”

ஒருவர் உடம்பில் சொல்ல முடியாததை ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்தால் சொல்ல முடிகிறது. தைவானின் தென்மேற்குக் கடற்கரையில் ஆழ்கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்குக் கால் கறுத்து அழுகும் ‘கருங்கால் நோய்’ வந்தது. அந்தக் கிராமங்களில் பி.பி.யை அளந்து 1995-இல் ஓர் ஆய்வு வெளியானது. வாழ்நாளில் எவ்வளவு ஆர்சனிக் குடித்தார்கள் என்று கணக்குப் போட்டால், அளவு ஏற ஏற உயர் ரத்த அழுத்தமும் ஏறியது. 1999-இல் வங்கதேசத்திலிருந்தும் அதே போக்கைக் காட்டும் ஆய்வு வந்தது. 2012 வாக்கில் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, அதிக ஆர்சனிக் குடித்தவர்களிடம் உயர் ரத்த அழுத்தம் இருப்பதற்கான வாய்ப்பு, குறைவாகக் குடித்தவர்களைவிடச் சுமார் கால் பங்கு கூடுதல் என்று வந்தது. கால் பங்கு என்பது தனி ஆளுக்குச் சின்ன எண். கோடிக்கணக்கானவர்கள் அதே தண்ணீரைக் குடிக்கும்போது அது சின்ன எண் இல்லை.

டாக்காவுக்குப் பக்கத்தில் அராய்ஹசார் என்று ஒரு பகுதி. 2000-இலிருந்து அங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். யார் எந்தக் கிணற்றில் குடிக்கிறார்கள், சிறுநீரில் எவ்வளவு ஆர்சனிக் போகிறது, பி.பி. வருடா வருடம் எப்படி மாறுகிறது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார்கள். வயதானால் எல்லோருக்கும் மேல் எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அங்கே ஆர்சனிக் அதிகம் உள்ளவர்களுக்கு அது வருடத்துக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் (பி.பி. எண்ணின் அலகு அதுதான்) கூடுதலாக ஏறியது. அதே மக்களிடம் இதய நோய்ச் சாவுகளையும் பார்த்தார்கள். 2011-இல் வந்த முடிவின்படி ஆர்சனிக்கோடு சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து இரண்டையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாகப் போகிறது. எங்கள் தாதா ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. இதை அவரிடம் சொன்னபோது, “மேனேஜர்பாபு, தண்ணீரை வேண்டுமானால் மாற்றுகிறேன்” என்றார்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்றால், ரத்தக் குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்துதான் குழாயைத் தளர்த்தி வைத்திருக்கிறது. ஆர்சனிக் அந்தச் சுரப்பைக் குறைக்கிறது, சுவரைப் புண்படுத்துகிறது, குழாய் விறைப்பாகிறது. சிறுநீரகத்துக்கும் அடி விழுகிறது. இதில் எதுவும் வலிக்காது. தோல் நோய் வர வருடக்கணக்காகும், சிலருக்கு வராமலே போகும். தோல் சுத்தமாக இருப்பவரின் ரத்தக் குழாயும் சுத்தமாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது.

சரி, தண்ணீர்க் கதைக்கு வருகிறேன். முதலில் நான் கூப்பிட்டது ஆர்.ஓ. இயந்திரம் விற்பவரை. அவர் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் கருவியைத் தம்ளரில் முக்கினார். முந்நூறுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. “நல்ல தண்ணீர் சார், இருந்தாலும் ருசிக்காக ஒன்று போட்டுக்கொள்ளலாம்” என்றார். அந்தக் கருவி தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை மின்கடத்தலை வைத்து ஊகித்துச் சொல்வது. லிட்டருக்கு முந்நூறு மில்லிகிராம் என்று அது சொல்லும்போது, ஆர்சனிக்கின் ஆபத்து வரம்பு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம். முந்நூறில் அந்தத் துளி எங்கே தெரியும்? டிடிஎஸ் நூறு இருக்கும் தண்ணீரில் விஷம் இருக்கலாம், எழுநூறு இருக்கும் தண்ணீரில் துளியும் இல்லாமல் இருக்கலாம். டிடிஎஸ்ஸைக் காட்டி ‘சுத்தம்’ என்று சொல்பவரிடம் தண்ணீரைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாம் என்பது என் முடிவு.

பிறகு உள்ளூர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் களச் சோதனைப் பெட்டி வைத்திருந்தார். குப்பியில் தண்ணீர், அமிலப்பொடி, துத்தநாகப்பொடி; மூடியில் பாதரச புரோமைடு தடவிய காகிதத் துண்டு. தண்ணீரில் ஆர்சனிக் இருந்தால் வாயுவாகக் கிளம்பிக் காகிதத்தை மஞ்சளாக்கும், அதிகம் இருந்தால் பழுப்பாக்கும். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்த வாயுவே விஷம் என்பதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். எங்கள் பம்புத் தண்ணீரில் காகிதம் நன்றாகவே பழுத்தது. பெட்டி தோராயம்தான் காட்டும் என்பதால் ஆய்வகத்துக்கும் கொடுத்தோம். லிட்டருக்கு 0.13 மில்லிகிராம் என்று வந்தது. அனுமதித்த அளவுக்குப் பதின்மூன்று மடங்கு.

இதில் எனக்கு ஆச்சரியம் பக்கத்து வீட்டுப் பம்புதான். கூப்பிடு தூரம்கூட இல்லை, அங்கே வரம்புக்குள் இருந்தது. மண்ணுக்கடியில் படிவு ஒரே மாதிரி இல்லை. இமயமலையிலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆயிரக்கணக்கான வருடங்களாக அடித்து வந்து கொட்டிய வண்டலில், இரும்புத் துகள்களோடு ஒட்டிக்கொண்டு ஆர்சனிக் வந்திருக்கிறது. அடியில் புதைந்த இலைதழைகளைத் தின்னும் நுண்ணுயிர்கள் காற்றில்லாத நிலையில் அந்த இரும்பைக் கரைக்கின்றன. கூடவே ஆர்சனிக்கும் கரைந்து தண்ணீரில் இறங்குகிறது. தொழிற்சாலைக் கழிவு எதுவும் தேவையில்லை. எங்கே மணல், எங்கே களி, எங்கே பழைய ஆற்றுப் படுகை என்பதைப் பொறுத்து அளவு மாறும். ஆகவே “பக்கத்து வீட்டில் சோதித்தாயிற்று, நம்முடையதும் அதேதான்” என்ற பேச்சுக்கு அந்த மண்ணில் அர்த்தமே கிடையாது.

மாசிமா சொன்ன பழைய கதை இதற்கு முன்னோட்டம் மாதிரி. அவர் கல்யாணமாகி வந்தபோது குளத்துத் தண்ணீரைத்தான் குடித்தார்களாம். வாந்தி பேதி வந்தால் தெருவில் குழந்தைகள் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் பம்பு வந்தது, சாவு குறைந்தது, பம்பைக் கும்பிட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 1970-களில் யுனிசெஃப் உதவியோடு வங்கதேசம் முழுக்க அடிபம்புகள் போட்டார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. ஆர்சனிக்கைச் சோதிக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. 1983-இல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா தன்னிடம் வந்தவர்களின் புள்ளிகளைப் பார்த்து இது குழாய்க் கிணற்று ஆர்சனிக் என்று கண்டுபிடித்தார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி பல வருடங்கள் கிராமம் கிராமமாக அலைந்து தண்ணீரையும் நகத்தையும் முடியையும் சோதித்தார். வங்கதேசத்தில் 1993-இல் உறுதியானது. வரலாற்றிலேயே மிகப் பெரிய மக்கள்திரள் விஷமாக்கம் என்று 2000-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதினார்கள். அப்புறம் அங்கே பம்புகளைச் சோதித்து, ஆகாததற்குச் சிவப்பும் ஆனதற்குப் பச்சையும் பூசினார்கள். அந்த பெயிண்ட் 50 மைக்ரோகிராம் என்ற வரம்பை வைத்துப் பூசியது. இந்தியத் தரமும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் 10. பச்சைப் பம்பு என்றால் 10-க்குக் கீழே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பள்ளிக்கூடத்து ஆழ்குழாயிலிருந்து எடுத்தோம். 150 மீட்டருக்கும் கீழே போன குழாய்களில் அந்தப் பகுதியில் பெரும்பாலும் ஆர்சனிக் குறைவு; ஆனாலும் சோதித்த பிறகே நம்பினோம். குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவ வீட்டுப் பம்பே போதும், ஆர்சனிக் தோல் வழியாக அவ்வளவாக உள்ளே போகாது. இதைத் தெரிந்துகொண்டதும் சுமை பாதி குறைந்தது. எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர் வேண்டும் என்று நினைத்தால் முதல் வாரத்திலேயே அலுத்துப்போய்ப் பழைய பம்புக்குத் திரும்பிவிடுவோம்.

கொதிக்க வைத்தால் போய்விடாதா என்று கேட்காத ஆளில்லை. போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், ஆர்சனிக் அப்படியே தங்கும், அடர்த்தி இன்னும் கூடும். ராத்திரி குடத்தில் வைத்து, காலையில் செம்மண் நிறம் அடியில் படிந்ததும் தெளிவை எடுத்துக் குடிப்பது அங்கே வழக்கம். இரும்போடு கொஞ்சம் ஆர்சனிக்கும் படியும் என்பது உண்மை, எவ்வளவு படியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆர்.ஓ. வேலை செய்யும், ஆனால் நிலத்தடியில் காற்றுப் படாத தண்ணீரில் ஆர்சனிக் பெரும்பாலும் இருக்கும் வடிவத்தை, ஆர்சனிக்கின் மற்ற வடிவத்தைப் போல அவ்வளவு நன்றாக அது பிடிப்பதில்லை. அதனால் இயந்திரத்தில் ஊற்றும் தண்ணீரோடு வெளியே வரும் தண்ணீரையும் ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். அது கழித்து விடும் தண்ணீரில் ஆர்சனிக் இன்னும் அதிகம். தாதா அதை வாளியில் பிடித்துக் கீரைப்பாத்திக்கு விட்டுக்கொண்டிருந்தார், சொல்லி நிறுத்தினோம்.

சமையல் விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. சோறு வேகும்போது தண்ணீரை உறிஞ்சுகிறது, கூடவே ஆர்சனிக்கையும். அங்கே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளையும் சோறு. மாசிமா வீட்டில் பாந்தா பாத் உண்டு, நம் பழைய சோறேதான். ராத்திரி முழுக்கப் பம்புத் தண்ணீரில் ஊறும். குடிப்பதற்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுத்துவிட்டுச் சோற்றுக்குப் பம்பை அடித்தால் பாதிப் பயன்கூட இல்லை. அந்த மண்ணில் பம்புப் பாசனத்தில் விளைந்த அரிசியிலேயே கொஞ்சம் ஆர்சனிக் இருக்கும் என்பதால், நல்ல தண்ணீரில் அரிசியைக் களைந்து, நிறையத் தண்ணீர் விட்டு வேக வைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டினால் அளவு இன்னும் குறையும். என் மனைவி குக்கரை ஓரம் கட்டிவிட்டு, அவள் பாட்டி வடித்த மாதிரி வடிக்க ஆரம்பித்தாள். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கும் பழக்கத்தை நான் விட வேண்டியிருந்தது, அதுதான் எனக்குப் பெரிய இழப்பு.

உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டுச் சிறுநீர்ச் சோதனைக்கும் போனோம். இது கடைசிச் சில நாட்களில் உள்ளே போனதை மட்டும் காட்டும். நகமும் முடியும்தான் மாதக் கணக்கைச் சொல்லும். இன்னொன்று, கடல் மீனிலும் இறாலிலும் ஒரு வகை ஆர்சனிக் இயல்பாகவே உண்டு, அது பெரிதாகத் தீங்கு செய்யாது. ஆனால் மொத்த ஆர்சனிக்கை அளந்தால் அதுவும் சேர்ந்து எண்ணை ஏற்றிக் காட்டும். சோதனைக்கு முன்பு சில நாள் மீன் வேண்டாம் என்றார்கள். வங்காளத்தில் உட்கார்ந்துகொண்டு மீன் வேண்டாம் என்பதை மாசிமாவுக்குப் புரிய வைக்க முடியவில்லை.

பி.பி.யைப் பொறுத்தவரை மருத்துவர் சொன்னபடி மாத்திரை, உப்புக் குறைப்பு, ரயில் நிலையம் வரை நடை என்று போனது. சில மாதங்களில் 130-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. தண்ணீரை மாற்றியதால் எவ்வளவு, மாத்திரையால் எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை, பிரிக்கவும் தேவையில்லை. தண்ணீரை மாற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் மாத்திரையை நிறுத்துவதுதான் விபரீதம். அளக்கும்போது ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். டீ குடித்த கையோடு அளப்பது, புடவைத் தலைப்புக்கு மேல் பட்டையைச் சுற்றுவது இதெல்லாம் முகாம்களில் சர்வசாதாரணம். ஒரு தடவை வந்த எண்ணை வைத்துக் கலங்கவும் வேண்டாம், நிம்மதியாகவும் வேண்டாம்.

தண்ணீரை இத்தனை வருடம் கழித்து மாற்றி என்ன பயன் என்று தாதா கேட்டார். அதற்குச் சிலி நாட்டு அந்தோஃபகாஸ்தா நகரத்தைச் சொல்லலாம். 1958-இல் அங்கே ஆற்றுநீர் கொண்டுவந்தார்கள், அதில் ஏகப்பட்ட ஆர்சனிக். 1970-க்குப் பிறகு சுத்திகரிப்பு நிலையம் வந்து அளவு இறங்கியது. அந்தத் தண்ணீர் ஓடிய வருடங்களிலும் அடுத்த சில வருடங்களிலும் மாரடைப்புச் சாவுகள் எகிறி, பிறகு இறங்கின. நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் மட்டும் பல பத்தாண்டுகளுக்குப் பின்தொடர்ந்தன. அதாவது இதயத்துக்குத் தண்ணீரை மாற்றிய பலன் ஓரளவு சீக்கிரமே கிடைக்கிறது. தாதா கொஞ்சம் யோசித்தார். மறுநாளிலிருந்து அவர் வீட்டுக் குடமும் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. பீடி நிற்கவில்லை.

ஊர் திரும்பியதும் இங்குள்ள மருத்துவரிடம், அந்தத் தண்ணீரை இத்தனை வருடம் குடித்தோம் என்று சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொன்னோம். அவர் சிறுநீரகச் செயல்பாடும் சர்க்கரையும் வருடா வருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார், சர்க்கரை நோயோடும் ஆர்சனிக்குக்குத் தொடர்பு காட்டியிருக்கிறார்கள் என்பதால். ராணுவத்திலோ ரயில்வேயிலோ வங்கியிலோ இருந்து முர்ஷிதாபாத், மால்டா, வடக்கு 24 பர்கானா, பீகாரின் போஜ்பூர், உத்தரப் பிரதேசத்தின் பாலியா பக்கம் வருடக்கணக்கில் இருந்து வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். மருத்துவர் தானாகக் கேட்க மாட்டார், நாமேதான் சொல்ல வேண்டும்.

இங்கே சொந்தக்காரர்கள், “அப்போ எங்கள் போர்த் தண்ணீர்?” என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டின் பெரிய பிரச்சினைகள் வேறு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃப்ளோரைடு. கடற்கரையோரம் உப்பு, அதுவும் பி.பி.க்கு ஆகாதது. கங்கைச் சமவெளியில் உள்ளது போல ஆர்சனிக் பரவிக் கிடக்கவில்லை. சந்தேகம் இருந்தால் ஆய்வகத்துக்குக் கொடுக்கலாம். பம்பைச் சில நிமிடம் ஓடவிட்டு, அவர்கள் தரும் பாட்டிலிலேயே பிடிக்க வேண்டும். வழக்கமான குடிநீர்ச் சோதனைப் பட்டியலில் பல இடங்களில் ஆர்சனிக் இருக்காது, தனியாகக் கேட்டுப் பணம் கட்ட வேண்டும். முடிவில் ‘கண்டறியும் அளவுக்குக் கீழ்’ என்று போட்டிருந்தால் அந்த அளவு எவ்வளவு என்று கேளுங்கள். லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மட்டுமே கண்டுபிடிக்கும் முறையில் சோதித்துவிட்டு, இல்லை என்று எழுதித் தந்தால், 0.01 என்ற வரம்போடு அதை ஒப்பிடவே முடியாது.